40 ஆயிரத்துக்கு எந்த ஸ்பீக்கரை முதலில் மாற்றுவது?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறோம். எங்கள் ஹால் 16 அடிக்கு 11 அடி. 16 அடிச் சுவரில் 55 இஞ்ச் டிவி, அதன் கீழே மரத்தில் செய்த டிவி யூனிட், எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. அம்மா மட்டும் சமையலறை வாசல் ஓரமாகப் பிரம்பு நாற்காலியில் உட்காருவார். ஸ்பீக்கர்களை ஓட்ட யமஹா ஆர்எக்ஸ்-வி385 ரிசீவர் இருக்கிறது. முன்பு செட்டாக வாங்கிய 5.1 ஸ்பீக்கர்களில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஐந்தும் உள்ளங்கை அளவுதான். பேஸுக்கான சப்வூஃபர் 8 இஞ்ச். சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது, ஆனால் வசனம் புரிவதில்லை. வசனத்துக்கு ஏற்றுவதும் குண்டு வெடித்தால் இறக்குவதுமாக, ரிமோட்டில் வால்யூம் பட்டனின் எழுத்தே அழிந்துவிட்டது. இப்போது 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். முன்னால் இரண்டு டவர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) போடச் சொல்கிறார் கடைக்காரர். நண்பர் பெரிய சப் வாங்கச் சொல்கிறார். யூடியூபில் பார்த்தால் எல்லோரும் கூரையிலிருந்தும் சத்தம் வரும் அட்மாஸ் என்கிறார்கள். எதை முதலில் வாங்கட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த அழிந்துபோன வால்யூம் பட்டன்தான். சிஸ்டம் சரியாக அமைந்த வீட்டில் படம் தொடங்கும்போது ஒருமுறை சத்தத்தை வைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே போட்டுவிடுவார்கள். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஒரு வீட்டுக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது ஸ்பீக்கரை அல்ல, ரிமோட்டைத்தான்.

கேட்டதற்கு நேர் பதில்: முன்வரிசை மூன்றும் முதலில். டிவிக்கு நடுவில் வைக்கும் சென்டர், அதன் இரு பக்கமும் வரும் இடது, வலது மூன்றையும் ஒரே சீரிஸில், ஒன்றாக வாங்குங்கள். டவர் வேண்டாம், தட்டிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் சின்னப் பெட்டியான புக்ஷெல்ஃப் போதும். சப் அடுத்த தீபாவளி போனஸில். பக்கவாட்டில், பின்னால் வைக்கும் சரவுண்ட் இரண்டும் இப்போதைக்கு இருப்பதே இருக்கட்டும். அட்மாஸை மறந்துவிடுங்கள், உங்கள் ரிசீவர் 5.1 மட்டுமே கொடுப்பது, கூரையில் என்ன மாட்டினாலும் அதற்குத் தெரியாது.

ஆனால் பணத்தை எடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை எனக்காக ஒதுக்குங்கள். வசனம் புரியவில்லை என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பலவற்றில் பாதிக் கோளாறு ஸ்பீக்கரில் இருப்பதில்லை.

முதலில் டிவியின் சவுண்ட் செட்டிங்கைத் திறந்து, டிஜிட்டல் அவுட்புட் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பிசிஎம் என்றிருந்தால், ஓடிடியில் படம் 5.1-ல் வந்தாலும் பெரும்பாலும் டிவி அதை ஸ்டீரியோவாக மாற்றித்தான் ரிசீவருக்கு அனுப்பும். சென்டருக்கென்று தனியாக எதுவும் போகாது. பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்-த்ரூ என்று மாற்றிவிட்டு, ரிசீவரின் முகப்பில் டால்பி என்று எழுத்து வருகிறதா பாருங்கள். வெறும் இந்த ஒரு செட்டிங்கால் வருடக்கணக்கில் சென்டர் ஊமையாக இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, சென்டர் ஸ்பீக்கர் டிவி யூனிட்டின் உள் தட்டில், உள்ளே தள்ளி இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் மரத்தில் செய்த யூனிட் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். ஆசாரி அளவாக ஒரு கூடு செய்து கொடுத்திருப்பார், ஸ்பீக்கரை அதற்குள் சொருகியிருப்பீர்கள், முன்னால் கண்ணாடிக் கதவு வேறு இருக்கும். பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரிதான் கேட்கும். வெளியே எடுத்து, தட்டின் விளிம்போடு முகம் சமமாக இருக்கும்படி வையுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் உங்கள் காது தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். ஸ்பீக்கர் அதற்கும் கீழே இருந்தால் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டை வைத்து மேலே பார்க்கத் தூக்குங்கள். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் சொருகும் ரப்பர் ஆப்பு இதற்கு அருமையாகப் பொருந்தும். பத்து, இருபது ரூபாய் வேலை.

அப்புறம் வயர். ஐந்து ஸ்பீக்கரின் பின்னாலும் சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலதில் ஒன்று மட்டும் மாறியிருந்தால், இரண்டிலும் பொதுவாக வரும் சத்தம் நடுவில் நிற்காமல் சிதறும், பேஸ் மெலியும். சுவருக்குள் போகும் வயரில் நிறம் தெரியாவிட்டால், ரிசீவர் பக்கம் வயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்டிருக்கும் வயர்தான் சிவப்பு. சின்ன ஸ்பீக்கரில் அசைவு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரல் நுனியை லேசாக வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் ரிசீவரோடு வந்த மைக்கை எடுங்கள். வாங்கிய அன்று கடைப் பையன் ஒருமுறை வைத்திருப்பான், அதற்குப் பிறகு அது டப்பாவைவிட்டு வெளியே வந்திருக்காது. மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் வைக்க வேண்டாம். கேமரா ஸ்டாண்டிலோ, ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்தோ, காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி, குக்கர் எல்லாம் நிற்கட்டும். வைபிஏஓ (மைக்கால் ஹாலை அளந்து ஸ்பீக்கர்களைத் தானே சரிசெய்யும் யமஹாவின் சோதனை) ஓடி முடிந்ததும் சென்டரின் லெவலை மட்டும் கையால் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள். அளவுக் கணக்கில் அது தப்புதான், ஆனால் வீட்டுக்கணக்கில் சரி.

ஃபேன் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர் ஹால்களில் வசனத்தின் பெரிய எதிரி சீலிங் ஃபேன். அதன் இரைச்சல் ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். சொல்லின் அடையாளமே அந்த மெய்யெழுத்துகளில்தான் இருக்கிறது. ஐந்தில் ஓடுவதை மூன்றுக்குக் குறைத்து ஒரு காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கூடவே நடு ஹாலில் நின்று ஒரு தரம் கை தட்டுங்கள். 'டிங்' என்று கம்பி அறுந்ததுபோல ஒரு வால் நீண்டால் டைல்ஸும் வெறும் சுவரும் பேச்சை மறுபடி மறுபடி வீசுகின்றன என்று அர்த்தம். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். தரைக்கு ஜமக்காளம் விரிக்கலாம், பவானி பக்கத்தில்தானே இருக்கிறது. ஜமக்காளம் தனியாக மெல்லியது, அது மட்டும் போதாது. கீழே பழைய கம்பளியோ மெத்தை விரிப்போ போட்டு, அதன்மேல் விரித்தால் நன்றாகவே உறிஞ்சும். டிவிக்கும் சோபாவுக்கும் இடையில் உள்ள தரைதான் முக்கியம்.

இவ்வளவும் செய்த பிறகு வசனம் தெளிந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம். 40,000 உங்கள் கையிலேயே இருக்கும். ஆனால் முழுதாகத் தெளியாது என்றுதான் நினைக்கிறேன். காரணம் அந்த உள்ளங்கை அளவு.

ஒரு சோதனை சொல்கிறேன். யாராவது ஓர் ஆண் நிதானமாகப் பேசும் காட்சியை 5.1-ல் ஓடவிட்டு, சப்வூஃபரின் பின்பக்க சுவிட்சை அணையுங்கள். குரல் சட்டென்று போன் ஸ்பீக்கரில் கேட்பதுபோல ஒல்லியாகிவிடும். திரும்பப் போடுங்கள். கனம் வந்துவிடும், ஆனால் அந்தக் கனம் திரையிலிருந்து வராமல் சப் இருக்கும் மூலையிலிருந்து வரும். ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் அடங்குவது. இரண்டரை, மூன்று இஞ்ச் கூம்பால் அந்த இடத்தில் காற்றைத் தள்ள முடியாது. அதனால் இந்த மாதிரி செட்டுகளில் கிராஸ்ஓவரை, அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 150, 200 என்று உயரத்தில் வைத்து, குரலின் கீழ்ப்பாதியைச் சப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கு மேலே போகப் போகக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் வீட்டில் கதாநாயகனின் தலை திரையிலும் நெஞ்சு மூலையிலும் பேசிக்கொண்டிருக்கின்றன.

நண்பர் சொன்னபடி பெரிய சப் வாங்கினால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. அவர் யோசனை பொதுவாகத் தப்பில்லை. முன்வரிசை ஓரளவு பெரிதாக இருக்கிற வீட்டில் நானும் முதலில் சப்பைத்தான் சொல்வேன். ஒரே பெட்டியில் அவ்வளவு வித்தியாசம் தருவது வேறொன்றில்லை. ஆனால் 80-க்குக் கீழே அழகாக வேலை செய்ய வேண்டிய 12 இஞ்ச் சப்பை, 200 வரை பேச்சைத் தூக்கும் கூலி வேலைக்கு அனுப்பினால் அது உறுமத்தான் செய்யும். முன்னால் அஞ்சேகால் இஞ்ச் வூஃபர் (பெரிய கூம்பு) உள்ள ஸ்பீக்கர்கள் வந்துவிட்டால் கிராஸ்ஓவரை 80-க்கு இறக்கலாம். அப்போது உங்கள் பழைய 8 இஞ்ச் சப்பே, பாரம் குறைந்து, புதுசாக வாங்கியதுபோல வேலை செய்வதைப் பார்ப்பீர்கள்.

கடைக்காரர் சொன்ன டவருக்கு வருவோம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, கொஞ்சம் வெட்கக்கேடு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடையில் டவர் ஜோடி ஒன்றைக் கேட்டு மயங்கி, கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சென்டர் பழையதே. பாட்டுக் கேட்டால் சொர்க்கம். படம் போட்டால், பேசிக்கொண்டே இடமிருந்து வலமாக நடக்கிற ஆள் திரையின் நடுவுக்கு வந்ததும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டதுபோல ஆகிவிடுவார். அந்தப் பக்கம் போனதும் துணி அவிழ்ந்துவிடும். ஆறு மாதம் சகித்துக்கொண்டு, பிறகு நஷ்டத்தில் விற்றேன். மூன்று ஸ்பீக்கரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், புரிந்தது அப்போதுதான். 5.1 படத்தில் வசனத்தில் பெரும் பங்கு சென்டர் வழியாகத்தான் வருகிறது. உங்கள் குறையே வசனம். 40,000-ஐ டவரில் போட்டுவிட்டால், குறை இருக்கிற இடத்தைத் தொடாமலே பணம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, டவர் வாங்குவதே ஆழமான பேஸுக்காக. சப் இருக்கிற வீட்டில் 80-க்குக் கீழே எல்லாம் சப்புக்குப் போய்விடும். அந்த உயரமான பெட்டியின் கீழ்ப்பாதிக்குக் கொடுத்த காசு சும்மா நிற்கும்.

சரி, எதை வாங்குவது? பிராண்டைவிட ஜோடிப்பொருத்தம் முக்கியம். உதாரணத்துக்கு, போல்க்கில் டி15 புக்ஷெல்ஃபும் டி30 சென்டரும் ஒரே குடும்பம். இரண்டிலும் அஞ்சேகால் இஞ்ச் வூஃபர். வார்ஃப்டேல், ஜேபிஎல், ஜாமோ என்று எதை எடுத்தாலும் இதேபோல ஒரே சீரிஸில் ஜோடியும் சென்டரும் இருக்கும். ஜோடிக்கும் சென்டருக்கும் சேர்த்து 35,000 வரை போகலாம். மீதி ஐயாயிரம் வயர், ஸ்டாண்டு, திரைச்சீலைக்கு. விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, பண்டிகைச் சலுகை நாளில் பார்த்தால் ஒரு படி மேலான சீரிஸே கிடைக்கலாம்.

ரிசீவரை மாற்ற வேண்டுமோ என்று கடையில் பயமுறுத்துவார்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம். 89 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 89 டெசிபல் தரும். நீங்கள் உட்காருவது ஏறக்குறைய 9 அடியில். அங்கே வரும்போது அது 80 ஆகும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் சுற்றித்தான். ஒரு வாட்டுக்கே இவ்வளவு. உங்கள் ரிசீவர் சேனலுக்கு 70 வாட் என்று எழுதியிருக்கிறது. அந்த எண் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது எடுத்தது, ஐந்தும் ஓடினால் குறையும். குறைந்தாலும் உங்கள் ஹாலுக்குத் தாராளம். 86-க்குக் கீழே சென்சிட்டிவிட்டி உள்ளதையும் 4 ஓம் ஸ்பீக்கரையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது அம்மாவின் பிரம்பு நாற்காலி. கடிதத்தில் அந்த ஒரு வரி மட்டும் இல்லாதிருந்தால், சென்டரே வேண்டாம், நல்ல புக்ஷெல்ஃப் ஜோடி ஒன்றை வாங்கி ரிசீவரில் சென்டர் இல்லை என்று போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். நடுவில் உட்காரும் ஒருவர் இருவருக்கு அது அற்புதமாக வேலை செய்யும், குரல் திரையின் நடுவிலிருந்தே வருவதுபோலக் கேட்கும். ஓரத்தில் உட்காருபவருக்கு எல்லா வசனமும் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வரும். அம்மா டிவியின் நடுக்கோட்டிலிருந்து ஐந்து, ஐந்தரை அடி தள்ளி இருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். அவருக்காகவே சென்டர் வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். படுக்கை வாட்டத்தில் இரண்டு வூஃபர், நடுவில் ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) வைத்த சென்டர்களில், நேரே உட்காருபவருக்கு எல்லாம் சரி. ஓரத்துக்குப் போகும்போது இரண்டு வூஃபரின் சத்தமும் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். குரலின் நடுப்பகுதியில் ஓட்டை விழும். அம்மா இருக்கும் கோணம் சுமார் 30 டிகிரி, ஓட்டை நன்றாகத் தெரியும் இடம். இதற்கு நான் பல வீடுகளில் செய்யும் வழி: சென்டர் என்று விற்பதை வாங்காமல், அதே புக்ஷெல்ஃபில் இரண்டு ஜோடி வாங்கிவிடுவது. மூன்று முன்னால், நிமிர்ந்த வாட்டத்தில். ஒன்று மிச்சம். மூன்றும் ஒன்றே என்பதால் குரல் பொருத்தத்தைப் பற்றிய கவலையே இல்லை, ஓரத்திலும் தெளிவு கெடாது. ஆனால் டிவியின் அடி விளிம்புக்கும் யூனிட்டின் மேல் பலகைக்கும் நடுவில் இடம் வேண்டும். ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். 14 இஞ்சுக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் இந்த வழிக்குப் போங்கள். குறைவாக இருந்தால் படுக்கை சென்டரே; அம்மாவின் நாற்காலியை இரண்டடி உள்ளே நகர்த்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சமையலறையில் பால் பொங்குவது தெரிய வேண்டும் என்பார். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

பழசு வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ரிசீவர் பழசு வாங்குவதைவிட ஸ்பீக்கர் பழசு வாங்குவது பாதுகாப்பானது. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருந்தால் வாங்கலாம். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரத்தில் உதிர்ந்துவிடும், விட்டுவிடுங்கள். கூம்பை நாலு விரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே சரசரவென்று உரசல் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ட்வீட்டரைத் தொடாதீர்கள், குழி விழுந்துவிடும்.

வயருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் உங்கள் தூரத்துக்குப் போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை ஸ்பீக்கர் வயர் என்று மினுமினுப்பான உறையில் விற்கிறார்கள். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

புதுசு வந்து சேர்ந்ததும் மூன்றையும் ரிசீவரில் ஸ்மால் (பேஸைச் சப்புக்கு அனுப்பும் அமைப்பு) என்று வைத்து, கிராஸ்ஓவரை 80-க்குக் கொண்டுவாருங்கள்.  மைக் சோதனையைத் திரும்ப ஓட்ட வேண்டும். சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் இழுங்கள். உங்கள் ஹாலின் 11 அடி அகலத்துக்கு 51 ஹெர்ட்ஸ் சுற்றிலும் பேஸ் சுவரோரம் குவியும். இப்போது உங்கள் பின்தலை அந்தக் குவியலில்தான் இருக்கிறது. குண்டு வெடிக்கும்போது ரிமோட்டைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சப்பையும் மூலையிலிருந்து எடுத்துப் பாருங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்பைத் தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் பேஸ் உறுமாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சரவுண்ட் ஸ்பீக்கர்கள் கூரை மூலையில் அடித்திருந்தால், காதுக்கு மேலே ஒன்றிரண்டு அடி உயரத்துக்கு இறக்கி, உங்கள் பக்கவாட்டுக்குச் சற்றே பின்னால் வரும்படி பாருங்கள். மழை, கூட்டம், பறவைச் சத்தம் இதுபோன்றவைதான் அவற்றில் பெரும்பாலும் வருகின்றன. அந்தச் சின்ன ஸ்பீக்கர்களே அதற்குத் தாங்கும்.

முன்னாலிருந்து கழற்றும் மூன்று பழைய ஸ்பீக்கர்களையும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். அவற்றுக்கு முந்நூறு, நானூறுக்கு மேல் யாரும் தரப்போவதில்லை. சரவுண்டில் இருப்பவையும் அதே மாடல்தானே. ஒன்று பழுதானால் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். துணியில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள்.